ஸ்பிரிங் வீக்: ஒரு முதலீட்டு வங்கிக்குள் எட்டிப் பார்த்த கதை

இந்த ஈஸ்டர் விடுமுறையில் லண்டனில் ஒரு பெரிய முதலீட்டு வங்கியின் ‘ஸ்பிரிங் வீக்’ என்ற மாணவர் அறிமுக நிகழ்ச்சிக்குப் போய் வந்தேன். போவதற்கு முதல் இதைப் பற்றித் தமிழில் ஏதும் வாசிக்கலாமோ என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அடுத்த வருடம் அங்கேயே போய் வேலை கேட்க வேண்டியிருக்கிறது!

கவுண்டர் இல்லாத வங்கி

இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது: “அப்ப நீ கவுண்டரில நிண்டு காசு எண்ணப் போறியோ?” அம்மாவுக்கு வேறு கவலை. “எக்கவுண்டன்ட் ஆகப் போறனெண்டுதானே பிள்ளை சொன்னனீ?”

அப்பாவுக்கு ஹரோவில் வீடு வாங்கி விற்ற அனுபவம் உண்டு. அதனால் வீட்டை வைத்தே விளங்கப்படுத்தினேன். வீடு விற்பதென்றால் ஏஜென்ட்டிடம் போகிறோம். அவர் அதே தெருவில் அண்மையில் விலைப்பட்ட வீடுகளைப் பார்க்கிறார், வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு வரும் என்று பார்க்கிறார், ஒரு விலை சொல்கிறார். வாங்க ஆள் பிடிக்கிறார், பேரம் பேசுகிறார், விற்று முடிந்ததும் கமிஷன் எடுக்கிறார். முதலீட்டு வங்கியின் ஒரு பகுதி இதே வேலையைக் கம்பனிகளுக்குச் செய்கிறது. தெருவில் விற்ற வீட்டைப் பார்ப்பதுபோல அதே துறையில் விற்கப்பட்ட கம்பனிகளைப் பார்ப்பார்கள். வாடகையைப் பார்ப்பதுபோல அந்தக் கம்பனி இனி வரும் ஆண்டுகளில் எவ்வளவு காசு உழைக்கும் என்று கணித்து, அதை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவருவார்கள். இரண்டாவதற்கு டி.சி.எஃப் என்று பெயர்.

“அப்ப பெரிய வீட்டு ஏஜென்ட்” என்றார் அப்பா. கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆனால் அது ஒரு பிரிவு மட்டுமே. கம்பனிகளை வாங்க, விற்க, இணைக்க ஆலோசனை சொல்வது எம் அண்ட் ஏ. பங்குகளையோ கடன் பத்திரங்களையோ வெளியிட்டுக் கம்பனிகளுக்கும் அரசுகளுக்கும் காசு திரட்டிக் கொடுப்பது கேப்பிட்டல் மார்க்கெட்ஸ். ஓய்வூதிய நிதிகள், காப்புறுதிக் கம்பனிகள் போன்ற பெரிய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு, பத்திரம், நாணயம் எல்லாவற்றையும் வாங்கி விற்றுக் கொடுப்பது சேல்ஸ் அண்ட் டிரேடிங். இவற்றோடு ஆய்வுப் பிரிவு, இடர் மேலாண்மை, சட்டம், தொழில்நுட்பம் என்று பெரிய பட்டியல் உண்டு. எம் அண்ட் ஏ ஆட்களுக்கு ஒரு கம்பனி விலைப்படப் போகிறது என்ற இரகசியம் முதலே தெரிந்திருக்கும். அது டிரேடிங் பக்கம் கசிந்தால் குற்றம். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு மாடி, வேறு வேறு கதவு. எங்களுக்குத் தந்த அடையாள அட்டை சில கதவுகளில் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

இந்தத் தொழிலுக்கு லண்டன் இவ்வளவு பெரிய இடமானதற்கு ஒரு திகதி உண்டு: 1986 ஒக்டோபர் 27. ‘பிக் பேங்’ என்பார்கள். அன்றுதான் லண்டன் பங்குச் சந்தையில் நிலையான கமிஷன் முறை ஒழிக்கப்பட்டு, வர்த்தகம் கணினிக்கு மாறியது. அதையொட்டி அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகள் வந்து லண்டனின் பழைய தரகு நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கிப்போட்டன.

உள்ளே போவது எப்படி?

ஸ்பிரிங் வீக் பெரும்பாலும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவர்களுக்கானது. நான்கு ஆண்டுப் படிப்பென்றால் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பம் போடலாம். பொருளியலோ கணிதமோதான் படிக்க வேண்டும் என்றில்லை. என் குழுவில் வரலாறு படிப்பவரும் இருந்தார், பொறியியல் படிப்பவரும் இருந்தார். நிகழ்ச்சி ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடக்கும். சில வங்கிகளில் இரண்டு மூன்று நாள், சிலவற்றில் ஒரு வாரம், அதற்கு மேலும் உண்டு.

விண்ணப்பத்தில் முதலில் ஒரு பக்க சி.வி. பிறகு “ஏன் இந்த வங்கி, ஏன் இந்தப் பிரிவு” என்று ஓரிரு கேள்விகள். அதன் பிறகு இணையத்தில் எண்கணிதச் சோதனை. அட்டவணையைப் பார்த்து வீதம் கணிக்கிற சாதாரண கணக்குத்தான், ஆனால் நேரம் விரட்டும். அதையும் தாண்டினால் வீடியோ நேர்காணல். எதிரே ஆள் இருக்காது. திரையில் கேள்வி வரும், யோசிக்க அரை நிமிடம் தருவார்கள், பிறகு கமெராவைப் பார்த்துப் பேச வேண்டும். உங்கள் முகமே ஒரு மூலையில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் சரிவராது. நான் அந்த மூலையில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பேசினேன். சில வங்கிகள் இதற்கு மேலும் நேரில் கூப்பிட்டு ஒரு சுற்று வைக்கும்.

கவனிக்க வேண்டியது, விண்ணப்பங்களை வரவர எடுத்துப் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும் வங்கிகள் பல. கடைசித் திகதி நவம்பர் என்று போட்டிருந்தாலும் ஒக்டோபரிலேயே பாதி இடம் போயிருக்கும்.

துறைமுகமும் சப்பாத்தும்

நான் போன வங்கி கனரி வார்ஃபில் இருக்கிறது. இந்த இடத்தின் கதை தெரிந்தால் கட்டடங்கள் வேறு மாதிரித் தெரியும். 1802இல் இங்கே மேற்கிந்தியத் துறைமுகம் திறக்கப்பட்டது. கரிபியன் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய இடம். துறைமுகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொபர்ட் மில்லிகனின் சிலை அங்கேயே நின்றது. 2020 ஜூனில்தான் அகற்றினார்கள். பழைய சீனிக் கிடங்கு ஒன்றில் இன்று அருங்காட்சியகம் நடக்கிறது. 1980இல் துறைமுகம் மூடப்பட, வெறிச்சோடிப் போன நிலத்தில் எழுந்ததுதான் இன்றைய வங்கி நகரம். கூரையில் பிரமிட் வைத்த 50 மாடி வன் கனடா ஸ்குவயர் 1991இல் முடிந்தது. அடுத்த வருடமே அதைக் கட்டிய கம்பனி கடனில் மூழ்கிவிட்டது.

கொஞ்சத் தூரம் நடந்தால் 25 பேங்க் ஸ்ட்ரீட். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது ஊழியர்கள் அட்டைப் பெட்டியோடு வெளியேறிய கட்டடம் இதுதான். இப்போது ஜே.பி. மோர்கன் அங்கே இருக்கிறது. நிகழ்ச்சியில் பேசிய ஒருவரும் லேமனின் பெயரை எடுக்கவில்லை. எங்களுக்கு அது நடந்தபோது பால்குடி வயது. பேசியவர்களில் பலருக்கு அது முதல் வேலைக்குப் போன காலம்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. “பிசினஸ் கேஷுவல்” என்று மின்னஞ்சலில் போட்டிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. 2016இல் சமூக ஏற்றத்துக்கான அரசு ஆணையம் முதலீட்டு வங்கிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சூட்டுக்கு மண்ணிறச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும் பையனைச் சில மேலாளர்கள் மனதுக்குள் கழித்துவிடுகிறார்கள் என்று அதில் இருந்தது. அது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. இப்போது பலர் வேலைக்கே ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் எங்கள் கூட்டத்தில் இருந்த பையன்களின் காலைப் பார்த்தேன். ஒன்று விடாமல் கறுப்பு. அறிக்கையை எல்லோரும் வாசித்திருக்கிறார்கள்!

சீட்டாடி விலை சொல்வது

வாரத்திலேயே எனக்கு அதிகம் பிடித்தது டிரேடிங் தளம். நீண்ட மேசைகள், ஒவ்வொருவருக்கும் நாலைந்து திரை, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொத்தான் வைத்த புளூம்பெர்க் விசைப்பலகை. படங்களில் வருவதுபோல யாரும் கத்தவில்லை. பெரும்பாலான வர்த்தகம் இப்போது கணினி வழியே போகிறது. ஆனால் பின்னேரம் எங்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு சீட்டு விளையாட்டு நடத்தினார்கள். ‘மார்க்கெட் மேக்கிங்’ என்றால் என்ன என்று நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு மணித்தியாலம் தெளிவாகச் சொல்லித் தந்தது.

மேசையைச் சுற்றி ஆறு பேர். ஆளுக்கொரு சீட்டு, அவரவர் மட்டும் பார்க்கலாம். நடுவில் மூன்று சீட்டுக் கவிழ்த்து வைத்திருக்கும். ஏஸ் 1, கிங் 13. ஒன்பது சீட்டின் கூட்டுத்தொகை எவ்வளவோ, அதுதான் இறுதி விலை. யாராவது “உன் விலை என்ன?” என்று கேட்டால் உடனே இரண்டு எண் சொல்ல வேண்டும்: நான் வாங்கும் விலை, நான் விற்கும் விலை. இடைவெளி நான்கு. கேட்டவர் விரும்பினால் அந்த விலையில் உங்களிடம் வாங்கலாம், விற்கலாம், சும்மாவும் விடலாம்.

ஒரு சீட்டின் சராசரி 7. ஆகவே ஒன்பதுக்கு 63. என் கையில் இருந்தது 2. எனக்கு மட்டும் தெரியும், கூட்டுத்தொகை 58, 59 பக்கம்தான் வரும் என்று. எதிரே இருந்தவர் “62–66” என்றார். 62க்கு விற்றேன். அடுத்து நடுச்சீட்டில் ஒன்றைத் திருப்பினார்கள். கிங். எல்லோருடைய விலையும் துள்ளி “67–71”க்குப் போனது. என் கணக்குப்படி 64தான். 67க்கு மறுபடி விற்றேன். மூன்றாவது முறை நான் வாயைத் திறந்து விலை கேட்டதும் பக்கத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டே “63–67” என்றார். நான் விற்க மட்டும்தான் வருகிறேன் என்பது மேசைக்கே தெரிந்துவிட்டது. என் கையில் சின்னச் சீட்டு இருக்கிறது என்று நான் வாயால் சொல்லவில்லை, என் வியாபாரம் சொல்லிவிட்டது.

இறுதிக் கூட்டுத்தொகை 61. எனக்கு நல்ல இலாபம். ஆனால் வென்றது நானில்லை. கணிதம் படிக்கும் ஒரு மாணவி. அவர் கையில் இருந்தது 7, அதாவது ஒரு தகவலும் இல்லாத சீட்டு. யார் கேட்டாலும் தயங்காமல் விலை சொன்னார், ஒருவரிடம் 60க்கு வாங்கி இன்னொருவரிடம் 64க்கு விற்றார், கையில் அதிகம் சேர்ந்துவிட்டால் விலையை ஒன்று இறக்கித் தள்ளிவிட்டார். சின்னச் சின்ன இடைவெளியாகவே சேர்த்து முதலிடத்துக்கு வந்துவிட்டார். விளையாட்டை நடத்திய டிரேடர் சொன்னது இதுதான்: “சந்தை ஏறுமா இறங்குமா என்று தெரிந்தவர்கள் என்று எங்களை வெளியே நினைக்கிறார்கள். எங்கள் சம்பளத்தின் பெரும்பகுதி அவர் செய்ததிலிருந்துதான் வருகிறது.”

608 பென்ஸ்

எம் அண்ட் ஏ பிரிவு தந்த குழுப் பயிற்சி ஓர் உண்மையான கதை: 2006–07இல் டாடா ஸ்டீல் கோரஸை வாங்கியது. பிரிட்டிஷ் ஸ்டீலும் நெதர்லாந்தின் ஹூகோவன்ஸும் 1999இல் இணைந்து பிறந்ததுதான் கோரஸ். உற்பத்தியில் டாடா ஸ்டீலைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது. சின்ன மீன் பெரிய மீனை விழுங்கப் போன கதை. 2006 ஒக்டோபரில் டாடா ஒரு பங்குக்கு 455 பென்ஸ் தருவதாகச் சொன்னது. பிரேசிலின் சி.எஸ்.என் 475 என்று வந்தது. டாடா 500 என்றது. சி.எஸ்.என் 515. இது முடியாது என்று பிரித்தானியாவின் டேக்ஓவர் பேனல் ஏலம் வைத்தது. 2007 ஜனவரி 30 இரவு தொடங்கி மறுநாள் அதிகாலை முடிந்தது. சி.எஸ்.என் 603, டாடா 608. ஐந்து பென்ஸில் டாடா வென்றது. மொத்தம் 620 கோடி பவுண். முதல் விலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயர்வு.

எங்கள் குழு டாடாவின் ஆலோசகர்கள். கேள்வி ஒன்றே ஒன்று: எந்த விலையில் எழுந்து போகச் சொல்வீர்கள்? எக்செல் மாதிரி ஒன்றைத் தந்திருந்தார்கள். எண்களை நிரப்பியபோது 560 பென்ஸ் பக்கம் வந்தது. அதற்கு மேல் போனால் நியாயம் சொல்ல முடியாது என்று எழுதத் தொடங்கினோம். அப்போது குழுவில் ஒருவர் வருங்காலக் காசை இன்றைய மதிப்புக்குக் கழிக்கும் தள்ளுபடி வீதம் இருந்த பெட்டிக்குப் போய் 9.5 என்பதை 9.0 ஆக்கினார். அரை வீதம். விலை 600ஐத் தாண்டியது. அறையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. 9.0 என்பதும் தவறென்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டிய விலைக்கு ஏற்ற வீதத்தை எப்போதும் தேடிப் பிடிக்கலாம் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பயிற்சி 2007 ஜனவரியோடு முடிந்துவிடுகிறது. கதை முடியவில்லை. அடுத்த வருடமே உலக நெருக்கடி வந்து உருக்குக்கான கேள்வி சரிந்தது. 2016இல் டாடா தன் பிரித்தானியத் தொழிலை விற்கப் போவதாக அறிவித்தது, பிறகு அது நடக்கவில்லை. 2024 செப்டம்பர் 30 அன்று வேல்ஸில் போர்ட் டால்பட்டில் கோரஸ் வழியாக டாடாவுக்கு வந்த உருக்காலையின் கடைசி ஊதுலை அணைந்தது. மின்வில் உலைக்கு மாறுகிறார்கள், அதற்கு அரசு 50 கோடி பவுண் தருகிறது. அந்த ஊரில் ஏறத்தாழ 2,000 பேரின் வேலை போய்விட்டது.

கேள்வி நேரத்தில் கேட்டேன்: பதினேழு வருடத்துக்குப் பிறகு இப்படி ஆனால், அந்த இரவு ஆலோசனை சொன்னவர்களுக்கு என்ன ஆகும்? பதில் சொன்ன டைரக்டர் மழுப்பவில்லை. ஆலோசனைக் கட்டணத்தின் பெரும்பகுதி ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடும் என்றார். முடியாவிட்டால் மிகக் குறைவாகத்தான் வரும் என்றார். “அதனால்தான் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த ஆலோசகருக்கு மதிப்பு” என்றும் சேர்த்துக்கொண்டார். நல்ல பதில்தான். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குக் கமிஷன் இல்லை.

மேசைக்குப் பக்கத்தில்

இன்னொரு நாள் ஓர் அனலிஸ்டின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஏணிப்படி இதுதான்: அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், மேனேஜிங் டைரக்டர். ‘வைஸ் பிரசிடென்ட்’ என்று கேட்டதும் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். முப்பது வயதுக்கு முன்பே ஆகிறார்கள், ஒரே தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த அனலிஸ்ட் மவுஸைத் தொடவேயில்லை. எக்செலில் எல்லாம் விசைகள்தான், விரல் தானாக ஓடுகிறது. கையால் அடித்த எண் நீலம், சூத்திரத்தால் வந்த எண் கறுப்பு. பார்த்த உடனே எது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டப் போகும் பிட்ச் புக்கை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு ஒவ்வோர் எண்ணாக ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டுச் சரி போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தில் 12.4, இன்னொரு பக்கத்தில் அதே விஷயம் 12.5. எது சரி என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம். அடுத்து, ஒன்பது கம்பனிச் சின்னங்களை ஒரே கோட்டில் கொண்டுவந்தார். இரண்டும் முக்கியமான வேலை என்று அவர் நம்புகிறார். முதலாவதை நானும் நம்புகிறேன்.

வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டேன். சில வாரங்கள் சாதாரணம், ஒப்பந்தம் சூடு பிடித்தால் நள்ளிரவு தாண்டும் என்றார். வங்கியே இராச்சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போக டாக்சிக்கும் காசு தரும் என்று அவர் சொன்னதை முதலில் சலுகை என்று நினைத்தேன். ரயில் ஓடாத நேரத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருந்தால் அதற்கொரு விதி தேவைப்படும் என்று பிறகுதான் யோசித்தேன்.

இது புதுக் கதையல்ல. 2013இல் லண்டனில் ஒரு வங்கியின் கோடைப் பயிற்சியில் இருந்த 21 வயது மாணவர் இறந்துபோனார். வலிப்பினால் நேர்ந்த மரணம், களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதன் பிறகுதான் வங்கிகள் ஒவ்வொன்றாக விதி போடத் தொடங்கின. 2015இல் கோல்ட்மன் சாக்ஸ் தன் கோடைப் பயிற்சி மாணவர்களை நள்ளிரவுக்குப் பிறகு அலுவலகத்தில் நிற்க வேண்டாம், காலை ஏழுக்கு முன் வரவும் வேண்டாம் என்றது. அதாவது பதினேழு மணித்தியாலம் நிற்கலாம்! 2021இல் அதே வங்கியின் 13 இளம் அனலிஸ்டுகள் தாங்களே நடத்திய கணக்கெடுப்பு வெளியே வந்தது. வாரத்துக்கு 95 மணித்தியாலம் வேலை என்று அதில் இருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: “நித்திரை கொள்ள விடுவினமோ?”

யார் வந்திருந்தார்கள்?

மதியச் சாப்பாடு நின்றுகொண்டுதான். கையில் தட்டு, கழுத்தில் அட்டை. ஒரு மேனேஜிங் டைரக்டர் உள்ளே வந்தால் ஐந்து நிமிடத்தில் அவரைச் சுற்றி ஒரு வளையம் உருவாகிவிடும். வளையத்துக்குள் நிற்பவர்கள் யார் என்று இரண்டு நாள் கவனித்தேன். கெட்டிக்காரர்கள் என்பது ஒரு பக்கம். பலருக்கு இந்த உலகம் வீட்டிலேயே பழக்கம். ஒருவரின் தகப்பன் நிதி நிறுவனத்தில், இன்னொருவரின் அக்கா இரண்டு வருடத்துக்கு முன் இதே நிகழ்ச்சிக்கு வந்தவர். அவர்கள் படித்த தனியார் பாடசாலைகளில் ஆண்டு 12 இலேயே பழைய மாணவர்கள் வந்து “முதலாம் ஆண்டு செப்டம்பரில் இதைப் போடு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் படித்தது சாதாரண அரச பாடசாலை. அங்கே வந்து பேசியவர்கள் ஒரு தாதியும் ஒரு பொலிஸ்காரரும். இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

எனக்குத் தெரிய வந்தது எப்படி? வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு எஸ்.இ.ஓ. லண்டன் என்ற தொண்டு நிறுவனம் சொல்லியிருந்தது. வசதி குறைந்த பின்னணியிலும் சிறுபான்மைச் சமூகங்களிலும் இருந்து வரும் மாணவர்களுக்கு இந்த மாதிரி வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்ரீச், சட்டன் டிரஸ்ட் என்று இன்னும் சில அமைப்புகளும் உண்டு. எல்லாம் இலவசம். அவள் சொல்லியிராவிட்டால் நான் ஜனவரியில் கேள்விப்பட்டிருப்பேன், அப்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இது ஒரு வாரச் சுற்றுலா என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர்தான் அறிமுக நிகழ்ச்சி, நடப்பது ஆள் எடுப்பு. கடைசி நாளில் இரண்டு நேர்காணல் வைத்தார்கள். அதில் தேறியவர்களுக்கு அடுத்த வருடக் கோடைகாலப் பயிற்சியில் நேரே இடம் கிடைக்கும், அல்லது பல சுற்றுகளைத் தாண்டிக் கடைசிச் சுற்றுக்குப் போகலாம். கோடைப் பயிற்சி எட்டிலிருந்து பத்து வாரம். அதை ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் பட்டம் முடித்ததும் நிரந்தர வேலை. ஆக, 21 வயதில் கிடைக்கும் வேலைக்கான முதல் வாசல் 18 வயதில், பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வாரங்களில் திறந்து மூடிவிடுகிறது.

என் முடிவு

எம் அண்ட் ஏ எனக்கு வேண்டாம். அந்த அனலிஸ்டின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தபோதே தெரிந்துவிட்டது. டிரேடிங் பிடித்திருக்கிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் மேசையில் இருக்க வேண்டும், ஆனால் சந்தை மூடினால் பெரும்பாலும் வீட்டுக்குப் போகலாம். சரியா பிழையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும், பதினேழு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. கோடைப் பயிற்சியின் கடைசிச் சுற்றுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குத்தான் போகப் போகிறேன். கிடைக்காவிட்டால் எக்கவுண்டன்ட் ஆகலாம், அம்மாவுக்குச் சந்தோசம்.

இனி நான் சொல்ல வந்தது. நம்மவர்களின் வீடுகளில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. டியூஷனுக்கும் கிராமர் பாடசாலைச் சோதனைக்கும் காசைக் கொட்டுகிறோம். மருத்துவம், பொறியியல், கணக்கியல் மூன்றுக்கும் எந்த மாதம் எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்று சித்தப்பாவிலிருந்து கோயிலில் பக்கத்தில் நிற்கும் அன்ரி வரை எல்லோருக்கும் தெரியும். இதைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. அந்த அறையில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் என் பாடசாலையில் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்த இருவர் அங்கே இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிரித்தானியாவில் உங்கள் வீட்டிலோ உறவிலோ ஆண்டு 13 படிக்கிற பிள்ளை இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள். பரீட்சை முடிந்த கோடையில் ஒரு பக்க சி.வி. எழுதவையுங்கள். ஓகஸ்ட் மாதத்திலிருந்து வங்கிகளின் மாணவர் பக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.இ.ஓ. லண்டனிலோ அப்ரீச்சிலோ பதியச் சொல்லுங்கள். செப்டம்பர் முடிவதற்குள் ஐந்தாறு இடத்துக்காவது போடவையுங்கள். பிடிக்குமா பிடிக்காதா என்பதை அவர்கள் உள்ளே போய்ப் பார்த்து முடிவெடுக்கட்டும். சி.வி.யைப் பார்த்துத் திருத்தித் தரச் சொன்னால் நான் செய்து தருகிறேன், ஒக்டோபருக்கு முன் அனுப்புங்கள்.